மணல் வளவில் வீட்டுத்தோட்டம்: முதலில் வாளிக் கணக்கு

வீட்டுத்தோட்டம் என்ற பேச்சு எடுபட்டதும் நம் ஆட்கள் நேரே விதைக் கடைக்குத்தான் போவார்கள். ஐந்தாறு பைக்கற் விதை, இரண்டு பப்பாசிக் கன்று, ஒரு புது மண்வெட்டி. கிழக்கிலங்கையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாகக் கிடக்கும் மணல் வளவுகளுக்கு இந்த வரிசை சரிவராது. ஆடி, ஆவணியில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், அதை யார் அள்ளி ஊற்றுவார்கள் என்று தெரிந்த பிறகுதான் எத்தனை பாத்தி என்று சொல்ல முடியும்.

ஒரு பாத்தியை 3 அடி அகலம், 10 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலில் நிற்கும் மரக்கறிக்கு ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 லீற்றர் தண்ணீர் வேண்டும். இந்தப் பாத்தி ஏறக்குறைய 2.8 சதுர மீற்றர். 10 லீற்றர் வாளியால் ஒன்றரை வாளி. நடைபாதையைச் சேர்க்காமல் ஒன்பது பாத்தி போட்டால் ஒரு பேர்ச் நிலம் முடிந்துவிடும்; நாளுக்கு 13, 14 வாளி. முழுவதையும் ஒரே தரத்தில் ஊற்றினால் வேருக்குக் கீழே போய்விடும் என்பதால் காலையில் பாதி, பின்னேரம் பாதி. மழை இல்லாத ஒவ்வொரு நாளும் இந்த வேலை உண்டு. பிள்ளைக்குச் சோதனை நடக்கும் நாளும், கோயில் திருவிழா நாளும், கந்தூரி நாளும் அதில் அடக்கம்.

வீட்டார் எல்லோரும் ஒன்றாக இருந்து முதலில் பேச வேண்டியது இந்தக் கணக்கைத்தான். பேசாமல் தொடங்கினால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: ஐப்பசியில் எல்லோரும் கொத்துவார்கள், பங்குனியில் அம்மா மட்டும் வாளி தூக்குவார். அதனால் ஆளுக்கு ஒரு பாத்தி, கூடினால் இரண்டு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். தண்ணீர் தூக்கக்கூடியவர்கள் நாலு பேர் என்றால் முதல் வருடம் நாலு பாத்தி, அதிகம் போனால் ஆறு. யார் பாத்தியில் என்ன நடுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். தண்ணீரும் அவர் பொறுப்பு. சின்னப் பிள்ளைக்குப் பயிற்றையும் வெண்டியும் கொடுங்கள். நாலைந்து நாளில் முளைத்துவிடும், பிள்ளையின் பொறுமை அதற்குமேல் தாங்காது. குனிந்து வேலை செய்ய முடியாத அம்மம்மாவுக்கு நாற்று வேலை. அது மா நிழலில் கதிரை போட்டு இருந்து செய்யக்கூடியது. தோட்டத்தில் கைப்பக்குவம் மிக வேண்டியதும் அதுதான்.

எது எங்கே

தாள், பென்சில் வேண்டாம். வளவின் நடுவில் மணலில் ஒரு கம்பால் கீறுங்கள். வீடு, கிணறு, மலசலகூடக் குழி, தென்னைகள், மாமரம், வாசல். பிறகு காலை 8 மணிக்கும், நண்பகலும், 4 மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து அதையும் கீறுங்கள். மரக்கறிக்கு நாளில் ஆறு மணிநேர வெயிலாவது வேண்டும். தென்னையடியைச் சுற்றி ஆறு அடிக்குள் பாத்தி போடாதீர்கள். நீங்கள் ஊற்றும் எருவையும் தண்ணீரையும் தென்னை வேர் முதலில் எடுத்துக்கொள்ளும். கத்தரி மெலிந்தே நிற்கும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு வசதி உண்டு. மரக்கறியை வாட்டும் பின்னேர வெயிலும், கச்சான் காற்றும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வருகின்றன. ஆகவே உயரமானவை எல்லாம் மேற்கே: கிளிசரியா வேலி, அதற்கு உள்ளே ஒரு வரிசை மரவள்ளி அல்லது சோளன், முருங்கை. பாகல், புடோல் பந்தலும் அந்தப் பக்கம். கொச்சி (மிளகாய்), தக்காளி, கீரை கிழக்கே. மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அது ஈரக்காற்று, இலையைக் கருக்காது. ஆனால் குலை போட்ட வாழையையும் காய் சுமக்கும் பப்பாசியையும் சரிக்கும், அவற்றுக்கு முட்டுக்கால் வேண்டும்.

குசினியில் இருந்து கழுவிய தண்ணீர் போகும் இடத்தில் வாழையை வையுங்கள். பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரையை அங்கேயோ மலசலகூடக் குழிப் பக்கமோ வைக்கக்கூடாது. அதற்குக் கிணற்றடியின் சுத்தமான ஈரம்தான் இடம்.

கிணற்றுத் தண்ணீரின் சுவை

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் ஊர்களில் நிலத்தடியில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டாரைப் போட்டு ஒரு மணிநேரம் விடாமல் இறைத்தால் மேலே உள்ள நன்னீர் போய்க் கீழே இருக்கும் உவர் எழும்பி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கடல்நீர் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப முழுதாக இறைத்த இடங்களில் உவர் குறையாமல் நீடித்ததற்கும் இது ஒரு காரணம். தோட்டத்துக்கு எடுக்கும்போது காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் என்று பிரித்து எடுங்கள். கிணற்றின் அடியில் கிடக்கும் குழாயை மேலே தூக்கி, நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே நிற்கும்படி கட்டிவிடுங்கள்.

ஆவணியில் வாயில் வைத்துப் பார்த்து உவர்ப்புத் தெரிந்தால் பயிற்றை, போஞ்சி போன்ற அவரைக் குடும்பத்துப் பயிர்களைக் கோடையில் போடாதீர்கள். அவற்றில் போஞ்சி உப்பைக் கொஞ்சமும் தாங்காது. கொச்சியும் கத்தரியும் ஓரளவு சமாளிக்கும். தென்னை, சப்போட்டா, மாதுளை நன்றாகத் தாங்கும். உப்புப் பட்ட செடியை அடையாளம் காண்பது எளிது: முதிர்ந்த இலையின் ஓரமும் நுனியும் முதலில் கருகும், பாத்தி மேல் காய்ந்த பிறகு வெள்ளைப் பூச்சு தெரியும். அப்படியானால் இலையில் படாமல் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல் நனைய ஊற்றுங்கள். தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கும். தேங்கிய உப்பை மாரி மழை கழுவிவிடும்.

மணலை மண்ணாக்குவது

வெறும் மணலில் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. பாத்தியை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி மணலை ஒரு பக்கம் போடுங்கள். அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டையை உள்பக்கம் மேலே பார்க்க நெருக்கி அடுக்குங்கள். புது மட்டை வேண்டாம். ஒரு மழை நனைந்த பழைய மட்டைதான் நல்லது. காய்ந்த மட்டையைக் காய்ந்த மணலில் புதைத்தால் கறையானுக்கு விருந்து. ஆகவே அடுக்கிய கையோடு ஐந்தாறு வாளி தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். வெட்டி எடுத்த மணலோடு மூன்று வாளி மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு, மூன்று வாளி குளத்து வண்டல் அல்லது வயல் களி, ஒரு வாளி கரியாக்கிய உமி கலந்து திருப்பிப் போடுங்கள். களியைக் கட்டியாகப் போடக்கூடாது. காயவைத்து உடைத்துத் தூளாக்கினால்தான் மணலோடு சேரும், இல்லாவிட்டால் வருடக்கணக்கில் கட்டியாகவே கிடக்கும்.

அம்பாறைப் பக்கம் நெல் ஆலைகளில் உமி தாராளமாகக் கிடைக்கிறது என்று பச்சையாக அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டு. பச்சை உமியும் மரத்தூளும் மக்குவதற்கு மண்ணில் இருக்கும் நைதரசனையே எடுக்கும், செடி மஞ்சளாகிவிடும். கோழி எரு அதற்கு நேர்மாறு: சூடு, உப்பு இரண்டும் அதிகம். மூன்று மாதமாவது குவித்து வைத்து, இடையிடையே புரட்டி ஆறவிட்ட பிறகே பாத்திக்கு வர வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள பட்டிகளில் இருந்து வரும் மாட்டெருவில் புல் விதை நிறைய இருக்கும். நனைத்துக் கறுப்புப் பொலித்தீனால் மூடி வெயிலில் சில கிழமை வைத்தால் பெரும்பாலானவை செத்துவிடும். வாவிக்கரையில் ஒதுங்கும் ஆற்றுவாழையையும் கூட்டெருக் குவியலில் சேர்க்கலாம், வெயிலில் நன்றாக வாடவிட்ட பிறகு. குவியல் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரம் இருந்தால்தான் உள்ளே சூடேறும். சின்னக் குவியல் காயும், மக்காது.

எருவை எல்லாம் ஒரே தரத்தில் போட்டு முடித்துவிடாதீர்கள். கார்த்திகை மழை பாதியைக் கழுவிக்கொண்டு போய்விடும். நடும்போது பாதி, பிறகு மூன்று கிழமைக்கு ஒருமுறை செடிக்கு ஒரு கைப்பிடி.

எப்போது

மட்டக்களப்பில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆகவே நமக்கு இரண்டு வாசல்கள். முதலாவது, ஐப்பசித் தொடக்க மழையோடு நடுவது. இதற்கு நாற்று செப்டெம்பரிலேயே தயாராக வேண்டும். பெருமழை இறுகும் முன் செடி வேரூன்றிவிட வேண்டும். இரண்டாவது, தைப்பொங்கல் கழித்து நடுவது. மழை ஓய்ந்து நிலத்தில் ஈரம் இருக்கும், வெயிலும் கிடைக்கும். சித்திரை முடிய முன் பெரும்பகுதியைப் பறித்துவிடலாம். தக்காளிக்கும் கொச்சிக்கும் இந்த இரண்டாவது வாசலே நல்லது. மழைக்குள் தக்காளி வைத்து இலையழுகலோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. கார்த்திகை, மார்கழியில் புதிதாக எதையும் விதைக்க வேண்டாம், கங்குன் கீரை ஒன்றைத் தவிர. முருங்கைத் தடி, கிளிசரியாத் தடி, வாழைக்குட்டி, தேசிக் கன்று, தென்னம்பிள்ளை எல்லாவற்றுக்கும் ஐப்பசி.

பாத்தியின் உயரமும் காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும். மாரியில் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, சுற்றிவர வாய்க்கால். பப்பாசி வேர் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்றாலே அழுகும், அதற்கு ஒன்றரை அடி மேடு. தை கழிந்ததும் அதே மேட்டை இறக்கி, ஓரத்தில் நாலு அங்குல வரம்பு கட்டிப் பள்ளப் பாத்தி ஆக்குங்கள். மேட்டுப் பாத்தியை அப்படியே கோடைக்கு விட்டால் நாலு பக்கமும் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும். அறுவடை முடிந்த வைக்கோலை மூன்று அங்குலத் தடிப்பில் பரப்பினால் ஊற்றும் தண்ணீரில் நல்ல பங்கு மிச்சம். கறையான் வராமலிருக்கத் தண்டில் இருந்து நாலு விரல் தள்ளிப் பரப்புங்கள்.

பாகல், புடோல் குழிக்கு நடுவே ஒரு பழைய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடலாம். சுவரால் கசியும் ஈரத்தைத் தேடி வேர் வந்து பானையைச் சுற்றிக்கொள்ளும். மினுக்கம் பூசாத பானையாக இருக்க வேண்டும்.

எவ்வளவு நடுவது

ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கொச்சி 12 செடி, கத்தரி 8, வெண்டி 20, பயிற்றை 20, தக்காளி 10, பாகல் 2 குழி, புடோல் 1 குழி போதும். முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, தேசி ஒன்று, பசளிக் கொடி இரண்டு. இதற்கு மேல் நட்டால் அயலுக்குக் கொடுக்கத்தான். அதுவும் நல்லதே, ஆனால் அயல் வீட்டிலும் அதே கிழமை வெண்டி காய்க்கும். முளைக்கீரையை மட்டும் ஒரே தரத்தில் விதைக்காமல், மூன்றடி நீளத்துக்கு ஒரு தேக்கரண்டி விதையை மணலோடு கலந்து தூவி, இரண்டு கிழமை கழித்து அடுத்த மூன்றடி என்று போங்கள். 25, 30 நாளில் பிடுங்கலாம்.

இடைவெளியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கொச்சிக்கு 2 அடிக்கு ஒன்றரை அடி, கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடி, வெண்டிக்கும் அதே அளவில் குழிக்கு இரண்டு. பாகல் குழிக்குக் குழி ஐந்தடி.

நாற்றுக்குச் சிரட்டையும் தயிர்ச் சட்டியும் போதும், அடியில் துளை போட்டு. மேல்மண், மணல், கூட்டெரு சம அளவு. இந்தக் கலவையை ஈரமாக்கித் தெளிவான பொலித்தீனால் மூடி நல்ல வெயிலில் நாலைந்து கிழமை வைத்தால் நாற்றழுகல் கிருமி பெருமளவு அடங்கும். நேரமில்லாதவர்கள் மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரிக்கலாம். விதையை அதன் தடிப்பைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்கக்கூடாது. கொச்சி விதை முளைக்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பாதி ஆழத்தால், மீதி தண்ணீர் கூடியதால். தக்காளி 21 நாளில், கொச்சியும் கத்தரியும் 25 முதல் 30 நாளில், பின்னேரத்தில் பிடுங்கி நட வேண்டும். நட்டு முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். மழைக்காலத்தில் நம் ஊர்களில் டெங்கு எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

வேலி, விதைக்கு முன்

தெருவில் திரியும் ஆடும் மாடும் ஒரு இரவில் முடித்துவிடும். கிளிசரியாத் தடியை ஐந்தடி நீளத்தில் வெட்டி, ஒரு அடி ஆழத்தில், மூன்றடிக்கு ஒன்றாக நடுங்கள். இலை, பசளைக்கும் ஆகும். இடையில் கிடுகு அல்லது பழைய மீன்வலை. வலை கட்டும்போது அடியில் ஒன்றரை அடிக்குக் கிடுகு வைத்து, அதற்கு மேல்தான் வலை. தரைவரை வலை விட்டால் எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும், பிறகு எலிக்குக் கொண்டாட்டம்.

கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் யானை வரும் ஊர்களில் வீட்டோடு ஒட்டி வாழை வைப்பது ஆபத்து. தேசி, கொச்சி, கத்தரி என்று யானை அவ்வளவாக விரும்பாதவற்றை வைப்பது நல்லது. அங்கே மண் நல்ல மண், தண்ணீரும் உவர் குறைவு.

காத்தான்குடி போல வீட்டோடு வீடு ஒட்டிய இடங்களில் உரப்பைதான் வழி. 50 கிலோப் பையைப் பாதியாக மடித்து, பொச்சுத் தும்பு அடியில் வைத்து, அதே கலவையை நிரப்புங்கள். துளையை அடியில் போடாமல் பக்கத்தில், இரண்டு அங்குல உயரத்தில் போட்டால் கீழே கொஞ்சம் தண்ணீர் தங்கும். பைக்கு ஒரு கத்தரி அல்லது இரண்டு வெண்டி. வெயில் நேரே படும் பை ஒரு வருடத்தில் பொடிந்துவிடும். கிடுகால் சுற்றி மறைத்துவிடுங்கள்.

என்ன பிழைக்கும், ஏன்

கொச்சி இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. பனிப்பூச்சி வரட்சியில் கூடும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் 50 கிராம் காய்ந்த வேப்பம் விதையை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, சவர்க்காரம் கொஞ்சம் கரைத்து, பின்னேரத்தில் அடியுங்கள். வெயிலில் அடித்தால் பலன் போய்விடும்.

கத்தரியில் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு. துளைக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி எரிக்க வேண்டும். கிழமைக்கு ஒருநாள் இதைத் தவறாமல் செய்தால் காயில் துளை நன்றாகக் குறையும். பாகல் பிஞ்சு சின்ன விரல் அளவு வந்ததும் கடதாசிப் பை கட்டுங்கள், பழ ஈ குத்தாது. குத்தி விழுந்த காயை வேலியோரம் எறிந்தால் புழு மண்ணுக்குள் போய் ஈயாகத் திரும்பும். இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். வெண்டி இலையில் நரம்பு மஞ்சளானால் அது வெண்ணிற ஈ கொண்டுவரும் வைரஸ். மருந்து இல்லை, பிடுங்கிவிடுங்கள். சோளன் குருத்தில் ஈரமரத்தூள்போல் எச்சம் கிடந்தால் 2018இல் இலங்கைக்கு வந்த படைப்புழு. கையால் பொறுக்கி நசுக்குவது வீட்டுத்தோட்டத்துக்குப் போதும்.

பச்சையாக நின்ற தக்காளி அல்லது கத்தரி ஒரே நாளில் தலை சாய்ந்தால் தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். வெட்டிலிருந்து பால் நூலாக இறங்கினால் பற்றீரியா வாடல். அந்தச் செடியை மண்ணோடு அகற்றி, அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, கொச்சி மூன்றையும் நீண்ட காலம் வைக்காதீர்கள். மெல்ல மெல்ல வாடி, பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் வட்டப்புழு. மணலுக்கு இது பெரும் எதிரி. அந்தப் பாத்தியில் அடுத்த போகம் நிலக்கடலை. எது என்று பிடிபடாவிட்டால் ஒரு இலையையும் வேரையும் எடுத்துக்கொண்டு பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழையுங்கள்.

வாங்கும் விதையில் கலப்பினம் எது, நாட்டினம் அல்லது திணைக்களத் தெரிவினம் எது என்று பைக்கற்றைப் பாருங்கள். எம்.ஐ. 5 வெண்டி, எம்.ஐ. 2 கொச்சி போன்றவற்றில் அடுத்த முறைக்கு விதை எடுக்கலாம். கலப்பினத்தில் எடுத்தால் தாய்ச்செடி போல வராது. விதைக்கு விடும் காயைக் கடைசிக் காயாக விடாமல், நடுப்போகத்தில், நோயில்லாத செடியில் துணி கட்டி விடுங்கள். வெண்டியும் பயிற்றையும் செடியிலேயே காய வேண்டும். தக்காளி விதையைச் சாறோடு இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவுங்கள். நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து, இறுக மூடும் போத்தலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். அம்மம்மாவின் கதிரைக்குப் பக்கத்து அலுமாரியில் வைத்தால் அடுத்த ஆவணியில் தேட வேண்டியிராது.